அளக்க வந்தவர்களுக்குக் கொடுத்த ஓட்ஸ் பார்

தம்பி,

அம்மா உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என் மானத்தை நானே ஒரு தடவை வாங்கிவிடுகிறேன். பிறகு நீ அதைத் தேடி எடுத்து என் முகத்தில் வீசுகிற வேலை மிச்சம். போன மாதம் எரிவாயுக் குழாயை எதிர்த்துத் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தோம். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் பல்லில் படாது என்று எல்லோருக்கும் உறுதிமொழி சொல்லிக்கொடுத்ததே நான்தான். சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை அதட்டி வரிசையில் உட்காரவைத்த தொண்டை, இவருக்கு மைக்கே வேண்டாம் என்றார்கள். பதினொன்றரை மணிக்கு முந்தானைக்குள் கையை விட்டு ஓட்ஸ் பார் தின்றேன். ஒன்றல்ல, மூன்று. சுகர் இறங்கிவிட்டது என்று சொன்னால் ஊரே நம்பும். ஆனால் இறங்கவில்லை. பசித்தது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகா, நம் வயலுக்கு அடுத்த வயல்காரி, என் தாடையைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, வாய் அசையுது?”

“சாமி பேரு சொல்றேன்டி.”

“சாமி பேருல பேரீச்சம்பழ வாசம் வருதே.”

அவள் என் முந்தானைக்கு அடியில் கையை நீட்டினாள். “எனக்கும் ரெண்டு பேரு சொல்லிக் குடுங்க.” கொடுத்தேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள்.

அந்த பார் என் மடிக்கு வந்த கதையும், நம் மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், நம் கையை விட்டுப் போகப் பார்க்கிற கதையும் ஒரே கதை. இதை வீட்டு வாட்ஸப் குழுவில் எழுதினால் உன் அத்தைமார் இரண்டு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வக்கீல் தயாரித்த தாளை உனக்குத் தபாலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு என்றேன். நீ அனுப்பவில்லை. வருகிற பத்தாம் தேதிக்குள் அது அதிகாரியின் மேசைக்குப் போகாவிட்டால் நம் வயலில் எரிவாயுக் குழாய் இறங்கும். நம்முடையது ரோட்டை ஒட்டிய முதல் வயல். அதில் மெஷின் இறங்கிவிட்டால் பின்னால் இருக்கிற பதினோரு வயலுக்கும் அதுவே பாதை. நீ இருபதாம் தேதி கனடாவுக்கு விமானம் ஏறுகிறாய். உனக்கு உன் தேதி பெரிதாக இருக்கிறது. எனக்கு என் தேதி.

இந்த பார் சுடுகிற ஓவனை நீ ஆயுத பூஜை லீவில் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். எனக்கும் உன் அப்பாவுக்கும் சுகர். ரெண்டு பேரும் சாயங்காலமானால் பஜ்ஜியும் முறுக்குமாகத் தின்று தீர்க்கிறீர்கள், இனிமேல் வீட்டிலேயே நல்லதாகச் செய்து தின்னுங்கள் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாய். பழமும் ஓட்ஸும் போட்டு பார் செய்யலாம் என்று சொன்னதும் உன் அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். பார் என்றால் அவருக்குத் தெரிந்தது டாஸ்மாக்குக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்றுதான். தின்கிற பார் என்று தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் முதல் தடவை செய்தது மசாலா ஓட்ஸில். கடைக்காரர் ஓட்ஸ் என்று எடுத்துக் கொடுத்தார், நானும் பாக்கெட்டைப் படிக்காமல் வாங்கிவந்தேன். பூவன் பழமும் பேரீச்சையும் பிசைந்து, மசாலா ஓட்ஸைக் கொட்டி, நீ கொடுத்துவிட்டுப் போன ஓவன் தாளுக்குப் பதிலாக வாழை இலையை விரித்து ஓவனுக்குள் தள்ளினேன். இலை கருகி, வீடு முழுக்கப் பந்தி முடிந்த கொல்லைப்புறத்தின் வாசம். உன் அப்பா ஒரு துண்டை வாயில் வைத்து இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, “சாம்பார்ல பழம் விழுந்துடுச்சா?” என்று கேட்டார். இரண்டாவது தடவை சூட்டோடு வெட்டி அவலாக உதிர்த்தேன். மூன்றாவது தடவை பாதியில் கரண்ட் போனது. நாலாவது தடவைதான் பாராக வந்தது.

இப்போது சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். நீ போகிற ஊரில் உனக்கு யாரும் செய்து தரமாட்டார்கள். இரண்டு டம்ளர் சாதா ஓட்ஸை இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் வாசம் வரும்வரை வறுத்துக்கொள். இருபது பேரீச்சையைக் கொட்டை எடுத்து வெந்நீரில் அரைமணி ஊறவைத்து விழுதாக அரை. நான் அரைப்பது அரசு கொடுத்த மிக்சியில். தோல் கறுத்துத் தொட்டால் குழைகிற பூவன் பழம் நாலு, கையால் மசி. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை உடைத்துப் போடு. ஒரு கைப்பிடி திராட்சை, ஒரு ஸ்பூன் எள், பேராவூரணி மாமா தோப்புத் தேங்காயாக இருந்தால் அரை மூடி துருவல், இல்லாவிட்டால் உன் விதி. ஒரு சிட்டிகை உப்பு. வெல்லம் வேண்டாம், பேரீச்சையே போதும். சர்க்கரை போடவில்லை என்று நீ பெருமையாகச் சொல்வாயே, இருபது பேரீச்சையில் என்ன இருக்கிறது என்று என் டாக்டரைக் கேட்டேன். அவர் சிரித்தார். ஆக, நாளுக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் பிசைந்து தாள் விரித்த தட்டில் கொட்டி, டம்ளரின் அடியால் அமுக்கு. இளகிய கையோடு அமுக்கினால் பிறகு உதிரும். யார் மேலாவது கோபமாக இருக்கிற நாளில் செய்தால் நன்றாக வரும். இந்த மூன்று மாதமாக எனக்கு ஒரு தட்டுகூட உதிரவில்லை. ஓவனில் நூற்றியெண்பது டிகிரியில் இருபத்தைந்து நிமிஷம். வெளியே எடுத்ததும் கத்தியைத் தூக்காதே. ஆறட்டும். ஆறுவதற்குள் எதையாவது செய்யவேண்டும் என்று உன் கை பரபரக்கும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பரபரப்பு உண்டு, அதனால்தான் இன்று இந்த நிலைமை.

சங்கதிக்கு வருகிறேன். நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். நிலம் அளக்க வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டோம். ஊரில் மற்றவர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. பரம்பரையாக நிலம் வைத்திருப்பவர்கள் சர்வேயரைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி எழுந்து நிற்பார்கள், எந்தப் பக்கத்து வரப்பு நகரப்போகிறதோ என்று. நாம் அப்படி இல்லை. உன் அப்பாவைப் பெற்றவர் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிக் கரையேறியவர். உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைப் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தபோது, சங்கிலியோடு ஒருவர் வந்து அவருக்கென்று மூன்று மாவை அளந்து நாலு மூலையிலும் கல் நட்டார். வீட்டில் இருந்தது கேழ்வரகுக் கூழும் ஒரு வெங்காயமும். அதைக் கரைத்துக் கொடுத்தாராம். அளந்தவரும் வரப்பிலேயே உட்கார்ந்து குடித்தாராம். நம் வீட்டில் அன்றிலிருந்து அளக்க வருகிறவர் என்றால் கொடுக்க வருகிறவர். எடுக்க வருகிறவரும் அதே சங்கிலியோடுதான் வருவார் என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

மார்கழியில் பெய்த மழையில் சம்பா மூழ்கியது உனக்குத் தெரியும். கதிர் வந்த பயிர், ஏழு நாள் தண்ணீருக்கு அடியில். சேதத்தை அளக்க ஆள் வரும் என்று வேளாண்மை ஆபீசில் சொல்லியிருந்தார்கள். பொங்கல் கழித்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முக்காலி மேல் கருவி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், இன்னொருவர் தொப்பி போட்டுக்கொண்டு கம்பைப் பிடித்து நின்றார். நல்ல வெயில். நான் வரப்பிலிருந்து கூப்பிட்டேன்.

“சார், சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா, முடிச்சுட்டுப் போறோம்.”

“முடிச்சுட்டு எங்க போறது, வாங்க. வந்தவங்க சும்மா போகக்கூடாது.”

வந்தார்கள். மோர் கொடுத்தேன். தட்டு நிறைய பார் வைத்தேன். தொப்பிக்காரர் இரண்டு கடி கடித்துவிட்டு, “என்னம்மா இது, கடையில வாங்கினதா?” என்றார். கடையில் வாங்கியதா என்று ஒருவர் கேட்பதற்காகத்தானே நான் மூன்று தடவை பாழாக்கினேன். எனக்குத் தலை கால் புரியவில்லை. உன் அப்பாவைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னேன். நடுவில் நான், இந்தப் பக்கம் முக்காலி, அந்தப் பக்கம் தொப்பி, மூன்று பேர் கையிலும் பார். பின்னால் அழுகிப்போன சம்பா. எங்கிருந்து வருகிறீர்கள், யார் அனுப்பினார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. தின்றுகொண்டிருப்பவரிடம் யார் நீ என்று கேட்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த குடும்பம். சரி, அது என் தப்பு. எழுதிக்கொள்.

உன் தப்புக்கு வருகிறேன். அந்தப் படத்தை என் பிள்ளை பார்க்கட்டும் என்று உனக்கு அனுப்பினேன். நீ பார்த்ததோடு நின்றாயா? ஃபேஸ்புக்கில் போட்டாய். போட்டதோடு நின்றாயா? “எங்கள் நிலத்தை அளக்க வந்தவர்களுக்கு அம்மா செய்த ஓட்ஸ் பார். மனசார வரவேற்கிறோம்” என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் கும்பிடுகிற கை இரண்டு வைத்தாய். இருநூறு பேர் பார்த்தார்கள். அம்மா சூப்பர் என்று உன்னோடு வேலை பார்க்கிற பெண் எழுதியிருந்தாள். இருநூற்றி ஒன்றாவதாகப் பார்த்தவர் அந்த இரண்டு பேரையும் அனுப்பிய எரிவாயுக் கம்பெனிக்காரர்.

சித்திரையில் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. குழாய் வேண்டாம் என்று சொல்ல ஊரே போயிருந்தது. கம்பெனி சார்பில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் எழுந்து, திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது படம் நான். அந்த மண்டபத் திரையில் என் முகம் லாரி டயர் அளவுக்கு இருந்தது. பல்லில் எள் ஒட்டியிருந்தது வேறு தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே நீ எழுதிய வரி. ‘மனசார வரவேற்கிறோம்’ என்பதற்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு. “நில உரிமையாளர் குடும்பத்தின் முழு ஒத்துழைப்போடுதான் சர்வே நடந்தது” என்றார். மேடையில் இருந்த அதிகாரி என்னைத் தேடிக் கண்டுபிடித்து எழுந்திருக்கச் சொன்னார்.

“அம்மா, படத்துல இருக்கறது நீங்கதானே?”

“நான்தாங்க.”

“நீங்களா கூப்பிட்டுதான் சாப்பிடக் குடுத்தீங்க?”

“ஆமாங்க. வெள்ளச் சேதம் அளக்க வந்தவங்கன்னு நெனச்சேங்க.”

“அப்படின்னு அவங்க சொன்னாங்களா?”

“சொல்லலைங்க.”

“நீங்களா நெனச்சுக்கிட்டா அதுக்கு அவங்க என்னம்மா பண்ணுவாங்க?”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். கம்பெனிக்காரர்கள் இல்லை, நம் ஊர்க்காரர்கள். நூற்றியிருபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிறவள் தம்பி நான். அன்றைக்குச் சேலையைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஊரில் எனக்கு நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. வாய்க்காலில் துணி அலசப் போனால் பேச்சு நிற்கும். ரேஷன் கடை வரிசையில் மல்லிகா சத்தமாக, “வழி விடுங்கடி, கம்பெனிக்குப் பலகாரம் சுட்டவங்க வர்றாங்க. அவங்களுக்கு நிக்கக் கால் வலிக்கும்” என்றாள். இன்னொருத்தி, “நமக்கெல்லாம் மோரு குடுக்கக்கூட அவங்களுக்கு மனசு வராது, தொப்பி போட்டாத்தான் குடுப்பாங்க” என்றாள். நான் சும்மா இருப்பவளா? மல்லிகா மகளின் வளைகாப்புக்கு நான் கொடுத்த எவர்சில்வர் குடம் இப்போது யார் வீட்டில் அடகில் இருக்கிறது என்பதை அதே வரிசையில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் எதற்குச் சொன்னோம் என்று இருந்தது. அவள் வயல் இரண்டாவது வயல். அவளுக்குப் பயம். பயந்தவள் கடிக்கத்தான் செய்வாள். நானும் அப்படித்தான் கடித்தேன். உண்ணாவிரதத்துக்கு நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததே அதற்காகத்தான், நான் யார் பக்கம் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று. அங்கே போயும் தின்றேன் என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கட்சிக்காரர்களைப் பற்றி நீ பேசாதே, எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வரப்பில் வந்து நம்மோடு உட்காருகிறார்கள். ஆட்சிக்கு வந்ததும் நம்மை அவர்கள் ஆபீஸ் வாசலில் போய் உட்காரச் சொல்கிறார்கள். இந்தக் கொடிக்கும் அந்தக் கொடிக்கும் எனக்கு வித்தியாசம் தெரிவது வீட்டுச் சாமானில்தான். டி.வி. ஒரு ஆட்சி கொடுத்தது, மிக்சி இன்னொரு ஆட்சி. அந்த மிக்சியில் ஒட்டியிருக்கிற படம் நான் பேரீச்சை அரைக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடுகிறது. அதற்காக நன்றி கெட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதே. உன் தாத்தாவுக்கு அந்த மூன்று மாவைக் கொடுத்ததும், எனக்குச் சத்துணவு வேலை கொடுத்ததும், உன்னைச் சம்பளம் இல்லாமல் படிக்கவைத்ததும் இவர்கள் நடத்திய ராஜ்யம்தான். கொடுத்த கையே குழாயோடு வந்து நிற்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது என்று தெரியவில்லை. அந்தக் கோபம் எல்லாம் திரும்பி உன்மேல் வருகிறது. வரட்டும், நீ என் பிள்ளை, தாங்கு.

பட்டுக்கோட்டையில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். படத்தையும் எழுத்தையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “சாப்பாடு போட்டதெல்லாம் சம்மதம் ஆகாதும்மா, அத நான் பாத்துக்கறேன். இந்த எழுத்துதான் இடிக்குது. இது யாரு எழுதினது?” என்றார். என் மகன் என்றேன். “அப்ப எதுக்காக எழுதினாருன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்” என்று அங்கேயே தட்டச்சு செய்து கொடுத்தார். அதைத்தான் உனக்கு அனுப்பினேன். நீ போனில் என்ன சொன்னாய்? “அம்மா, போலீஸ் சர்டிபிகேட் இன்னும் வரல. இப்ப எதுலயாவது என் பேரு வந்தா எல்லாம் நின்னுடும்.” சரி, அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. பயம் எனக்குப் புரியும். அதற்கப்புறம் ஒன்று சொன்னாயே. “அந்த மூணு மாவுல என்னம்மா கிடைக்குது. குடுக்கறத வாங்கிக்கிட்டு நிம்மதியா இருங்க.” நான் போனை அணைக்கவில்லை. நீ பேசி முடிக்கிறவரை காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு போய் இரண்டு தட்டு பார் அமுக்கினேன். டம்ளரின் அடி நெளிந்துவிட்டது.

அந்த மூன்று மாவில் என்ன கிடைக்கிறது என்று கேட்டாய் அல்லவா. நெல்லைச் சொல்லமாட்டேன், அது நீ கணக்குப் போட்டால் நஷ்டம்தான் வரும். வேறு ஒன்றைச் சொல்கிறேன். உன் தாத்தா வரப்பில் நடக்கும்போது ஒதுங்கி இறங்கி நிற்பவர். எதிரே யார் வந்தாலும் சேற்றில் இறங்கி வழிவிடுவார். நிலம் கைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உன் அப்பாவுக்குப் பாதி இருந்தது. நீ எட்டு வயதில் நம் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். எதிரே பெரிய வீட்டு மாமா வந்தார். நீ, “எங்க வயலு, நீங்க அந்தப் பக்கமா இறங்கிப் போங்க மாமா” என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். உன் அப்பா வீட்டுக்கு வந்து உன்னை அடிக்கப் போனார். பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டு, கொல்லையில் போய் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். அதுதான் கிடைத்தது. அது கிடைத்ததால்தான் நீ பெங்களூரில் வெள்ளைக்காரனோடு உட்கார்ந்து, முடியாது சார் என்று இங்கிலீஷில் சொல்கிறாய்.

எனக்கு உபதேசம் பண்ணத் தகுதி இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேள். நீ மூன்றாவது படிக்கும்போது என் சத்துணவுக் கூடத்தில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பாய். என்னைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாய், அமைப்பாளர் மகன் என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று. அன்று உனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள். சோற்றுக்கு அடியில் ஒரு முட்டையைப் புதைத்து, மேலே ஒரு முட்டையை வைத்தேன். வரிசையின் கடைசியில் நின்ற பெண் பிள்ளைக்கு முட்டை இல்லை. உடைந்துவிட்டது, அடுத்த வாரம் வாங்கிக்கொள் என்றேன். அது வெறும் சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனது. அடுத்த வாரம் அதற்கு இரண்டு வைக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். மறந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ உன் தட்டில் இரண்டு இருப்பதைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லாமல் தின்றாய். அப்போது உனக்கு எட்டு வயது, அது உன் தப்பில்லை. இன்று உனக்கு முப்பது. பின்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள். குடுக்கறத வாங்கிக்கங்க என்கிறாய்.

கனடாவுக்குப் போ. போகாதே என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அங்கே பூவன் பழம் கிடைக்காது, கிடைக்கிற பழத்தைப் போடு. ஆப்பிளாக இருந்தால் துருவிப் பிழிந்துகொள், இல்லாவிட்டால் தண்ணீர் கசிந்து நடுவில் வேகாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு செய்து வைத்துக்கொண்டால் வாரம் முழுக்கக் கடையில் கண்டதைத் தின்னாமல் இருக்கலாம். கல்யாணம் ஆனால் அவளைச் செய்யச் சொல்லாதே, நீயே செய். அக்கம்பக்கத்தாருக்கும் கொடு. வாசலில் யார் வந்து நின்றாலும் உட்காரவைத்துக் கொடு, அந்த வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. அவர்கள் தின்றதால் நமக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் முதல் கடிக்கு முன்னால், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. மரியாதை கெட்டுப்போனால் போகட்டும்.

போனால் போகிறது என்று பத்தாம் தேதியைத் தாண்டவிடாதே. தாளைக் கூரியரில் போடு, சாதாத் தபால் வேண்டாம். உன் அப்பா தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிள் திரும்புகிற முனையில் போய் நிற்கிறார். கேட்டால் டீ குடிக்கப் போனேன் என்கிறார். அந்த முனையில் டீக்கடையே கிடையாது.

ஒன்று மட்டும். அந்தத் தாளில் மூன்றாவது வரியில், ‘மனசார வரவேற்கிறோம் என்ற சொற்கள் பெற்றோருக்குத் தெரியாமல் நானாகச் சேர்த்தவை’ என்று இருக்கும். நான் சொல்லித்தான் வக்கீல் அப்படித் தட்டச்சு செய்தார். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடு. ‘மனசார வரவேற்கிறோம்’ என்பது சத்துணவுக் கூடத்துக்கு அதிகாரி வருகிற நாளில் கரும்பலகையில் நான் எழுதுகிற வரி. படத்தை அனுப்பிய கையோடு, “ஃபேஸ்புக்ல போடுப்பா, மனசார வரவேற்கிறோம்னும் சேத்து எழுது, பாக்க மரியாதையா இருக்கும்” என்று குரல் பதிவு அனுப்பியது நான். நீ அப்படியே எழுதினாய். இந்த மூன்று மாதமாக நான் போனில் கத்தியபோது ஒரு தடவைகூட நீ அதைச் சொல்லவில்லை.